எலும்பு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். முட்டு வலி, குறுக்கு வலி, மாவுக்கட்டு பிரித்த பிறகும் மடங்காத கை என்று வருகிறவர்கள் ஒருபக்கம். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடும்போது எழுந்து நின்று கேட்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பாடப்புத்தக வரிசையை எதிர்பார்க்க வேண்டாம். சொல்ல நிறைய இருக்கும் இடத்தில் பதில் நீளும்.

மொத்தம் எத்தனை எலும்புகள்? குழந்தைக்குத்தான் அதிகம் என்கிறார்களே, சரியா?

சரிதான். வளர்ந்தவருக்கு 206. பிறந்த குழந்தைக்கு 270-இல் இருந்து 300 வரை சொல்வார்கள். வளர வளர எதுவும் தொலைந்து போவதில்லை, பல துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. முதுகின் அடியில் தனித்தனியாக இருக்கும் ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டி ஒரே திருவெலும்பு ஆகின்றன. இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் மூன்று துண்டாகத் தொடங்கி ஒன்றாகிறது.

206-ஐ இரண்டாகப் பிரிப்பார்கள். மண்டை, முதுகெலும்பு, விலா, மார்பெலும்பு எல்லாம் சேர்ந்த அச்சுச் சட்டகத்தில் 80. கை, கால், அவற்றை உடம்போடு பிணைக்கும் தோள்பட்டை, இடுப்பு ஆகியவை சேர்ந்த இணையுறுப்புச் சட்டகத்தில் 126. இதில் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு கைகளிலும் மணிக்கட்டையும் சேர்த்து அதற்குக் கீழே மட்டும் 54 எலும்புகள், இரண்டு பாதங்களில் 52. பாதிக்கு மேல் கையிலும் காலிலுமே போய்விட்டது. மிகப் பெரியது தொடையெலும்பு, ஏறக்குறைய நம் உயரத்தில் கால் பங்கு. மிகச் சிறியது காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர்.

ஆயுர்வேதத்தில் 300, 360 என்று படித்தோமே?

கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரிப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகள் கேட்பது. சுசுருதர் 300 என்கிறார், சரகர் 360 என்கிறார். பல், நகம், குருத்தெலும்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கூடத்தான் செய்யும். இன்றைய கணக்கில் பல் எலும்பு ஆகாது. பல்லின் எனாமல் ஒருமுறை போனால் போனதுதான், எலும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். 206-ம் கல்லில் வெட்டிய எண் இல்லை. சிலருக்குக் கழுத்தில் கூடுதலாக ஒரு சின்ன விலா எலும்பு இருக்கும். எக்ஸ்ரே எடுக்கும்வரை அவருக்கே தெரியாது.

ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவா?

ஞாயிறு மறைக்கல்விக்குப் போய்வரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இதைக் கேட்கிறார்கள். ஆதாமின் விலா எலும்பில் இருந்து ஏவாள் வந்த கதைதான் காரணம். ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடி, 24. பெல்ஜியத்துக்காரரான வெசாலியஸ் என்ற உடற்கூறியல் அறிஞர் 1543-லேயே இதை எழுதிவிட்டார். கதை சொல்வதை வைத்துப் பார்த்தாலும் எலும்பை இழந்தவர் ஆதாம் ஒருவர்தான். விபத்தில் விரலை இழந்தவருக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பத்து விரலும் இருக்கிறது இல்லையா? உண்மையான வித்தியாசம் இடுப்பில். பெண்ணின் இடுப்புக்கூடு அகலமாக, பிரசவத்துக்கு வழிவிடும் அமைப்பில் இருக்கும்.

எலும்புக்கு உயிர் உண்டா? பார்த்தால் காய்ந்த குச்சி மாதிரிதானே?

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து காட்டுவது எனக்குப் பிடிக்கும். கோழிக்கால் எலும்பு இரண்டு எடுத்துச் சதை போகக் கழுவுங்கள். ஒன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் வினிகரில் போட்டு மூடிவையுங்கள். நான்கைந்து நாளில் எடுத்தால் அது வளையும். மெல்லிய எலும்பு என்றால் முடிச்சுக்கூடப் போட்டுவிடலாம். கால்சியம் உப்பெல்லாம் அமிலத்தில் கரைந்துபோய், கொலாஜன் என்னும் புரத நார் மட்டும் மிச்சம். இன்னொரு எலும்பை அடுப்புத் தீயில் நன்றாகச் சுடுங்கள். வடிவம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடிந்துபோகும். இப்போது நார் எரிந்துவிட்டது, உப்பு மட்டும் மிச்சம். கடினம் உப்பால் வருகிறது, முறியாமல் தாங்கும் குணம் நாரால் வருகிறது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உப்பு. மீதி பெரும்பாலும் நார், கொஞ்சம் தண்ணீர்.

இது செத்த எலும்பு. நம் உடம்புக்குள் இருப்பதில் ரத்தக்குழாய் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. அதனால்தான் முறிந்தால் உயிர் போகிற வலி. அதற்குள் மூன்று வகை செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒன்று பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும். அந்தப் பள்ளத்தில் இன்னொன்று புது எலும்பைக் கட்டும். மூன்றாவது வகை எலும்புக்குள்ளேயே உட்கார்ந்து எங்கே பாரம் விழுகிறது, எங்கே கீறல் விட்டிருக்கிறது என்று கவனித்து மற்ற இரண்டுக்கும் சேதி சொல்லும். ஒரு இடத்தைக் கரைக்கச் சில வாரம் போதும், கட்டி முடிக்கச் சில மாதம் ஆகும். பெரியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது. கீழே வரும் பதில்களில் பாதி, இந்தக் கரைப்புக்கும் கட்டுமானத்துக்கும் இடையே உள்ள கணக்கில்தான் நிற்கிறது.

ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியென்றால் எலும்பும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம், டெசிலிட்டருக்கு 8.5-இல் இருந்து 10.5 மில்லிகிராம் வரை. அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, தசை இயங்காது, ரத்தம் உறையாது. அதனால் ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உடனே ஹார்மோனைச் சுரந்து எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பிவிடும். எலும்பு வருடக்கணக்கில் தேய்ந்துகொண்டே இருக்கும், ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்றே வரும்.

எலும்பின் அடர்த்தி தெரிய வேண்டுமென்றால் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, எளிதில் முறியும் அளவுக்கு எலும்பு மெலிந்த நிலை.

உடம்பைத் தாங்குவது தவிர எலும்புக்கு வேறு என்ன வேலை?

மண்டையோடு மூளைக்குக் காவல், விலாக்கூடு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் காவல். தசை இழுக்க ஒரு பிடிமானம் வேண்டும், அதுவும் எலும்புதான். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண்; எலும்பையும் எலும்பையும் பிணைப்பது தசைநார். சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தசைநார் இழுபட்டதையோ கிழிந்ததையோதான்.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய வேலை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் நடக்கிறது. நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் அங்கே உருவாகின்றன. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் தனி. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லா எலும்பிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கும். பெரியவர்களுக்கு இடுப்பு, முள்ளெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டை, தொடை மற்றும் மேற்கை எலும்புகளின் உடல் பக்க முனை இவற்றில்தான் மிச்சம், மற்ற இடங்களில் கொழுப்பு நிறைந்துவிடும். ரத்தப் புற்றுநோய்ச் சோதனைக்கு இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பது அதனால்தான்.

குழந்தையின் உச்சியில் துடிக்கிறது. எண்ணெய் வைத்து அமுக்கலாமா?

எண்ணெய் தடவலாம், அமுக்க வேண்டாம். மண்டையோட்டுத் துண்டுகள் பிறக்கும்போது ஒட்டாமல் இருப்பதால்தான் பிரசவப் பாதையில் தலை கொஞ்சம் குறுகி வெளியே வர முடிகிறது. பிறந்தபின் மூளை வேகமாக வளரவும் அந்த இடைவெளி வேண்டும். பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்பக்க உச்சிக்குழி மூட ஒன்று, ஒன்றரை வயது ஆகும், சில பிள்ளைகளுக்கு இரண்டு வயதுவரை. குளிப்பாட்டும்போது தலையை உருட்டி வடிவம் பிடிப்பதும், மூக்கை இழுத்து நிமிர்த்துவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உச்சி உள்ளே குழிந்திருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு நேரத்தில் இதைப் பாருங்கள். காய்ச்சலோடு உச்சி புடைத்திருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மகன் பத்தாம் வகுப்பு, உயரம் போதவில்லை. கம்பியில் தொங்கினால், பொடி குடித்தால் வளருவானா?

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தென்னை உச்சிக் குருத்தில் இருந்துதான் வளரும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து அழித்துவிட்டால் அடிமரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மரம் அதோடு சரி. பிள்ளையின் நீள எலும்புகளுக்கும் இரண்டு முனைக்கு அருகில் அப்படி ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது குருத்தெலும்பால் ஆனது. அங்கே செல்கள் பெருகி, பின்னால் இருப்பவை எலும்பாக இறுகிக்கொண்டே வரும். உயரம் கூடுவது அங்கே மட்டும்தான்.

பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்கள் முதலில் இந்தத் தட்டை முடுக்கிவிடும், பிறகு அவையே மூடிவிடும். பெண்பிள்ளைகளுக்கு 14-16 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 16-18 வயதிலும் பெரும்பாலான தட்டுகள் மூடும், சிலருக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். பெண்பிள்ளை வயதுக்கு வந்தபின் பொதுவாக 5-7 சென்டிமீட்டர் வளர இடமிருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக மூடுவது தோளுக்கும் மார்பெலும்புக்கும் நடுவே உள்ள காறை எலும்பின் உள்முனை, அதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவதும் இதே காறை எலும்புதான் என்பது வேடிக்கை.

கம்பியில் தொங்குவது தோளுக்கு நல்ல பயிற்சி, எலும்பை நீட்டாது. பொடிகளில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொஞ்சம் புரதமும், முட்டையும் மீனும் அதைவிட மலிவு. உயரத்தில் பெரும்பங்கு அப்பா அம்மாவிடம் இருந்து வருவது. தூக்கம் முக்கியம், வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. டியூஷனுக்குக் காலை ஐந்து மணிக்கு எழுப்புகிற நம்மூர் வழக்கத்தை நான் ரசிப்பதில்லை. வகுப்பில் மற்றவர்களைவிட மிகவும் பின்தங்கியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி மணிக்கட்டு எக்ஸ்ரே எடுங்கள். தட்டு திறந்திருக்கிறதா, எலும்பின் வயது என்ன என்று அதில் தெரியும். தட்டு மூடுவதற்கு முன்பே போக வேண்டும்.

விளையாடும்போது இந்தத் தட்டில் அடிபட்டு முறிந்தால் அந்தக் கை அல்லது கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரலாம். பிள்ளைகளுக்கு மூட்டருகே அடிபட்டால் வெறும் வீக்கம்தானே என்று விடாதீர்கள்.

எலும்பைப் பார்த்து வயது சொல்ல முடியும் என்றால், கோர்ட்டில் அதுதான் முடிவா?

இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவுப்படி முதலில் பள்ளி அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. எலும்பு சொல்வது ஒரு வரம்பு, ஒரு வருடம் இரண்டு வருடம் முன்பின் இருக்கும்.

பாரம் தூக்கினால் எலும்பு தேயுமா, பலமாகுமா?

பலமாகும், உடம்பு பழகிய அளவோடு கூட்டிக்கொண்டே போனால். எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அந்தத் திசையில் எலும்பு தடிக்கும் என்று ஜெர்மன் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருப்பதை எக்ஸ்ரேயிலேயே பார்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு உருண்டைக் கல்லைக் காட்டி, படையில் சேர வருகிறவர்கள் இதைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அப்படித் தூக்கிப் பழகிய இளைஞனுக்கு முதுகும் தோளும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பாரமே இல்லாவிட்டால் நேர் எதிர். விண்வெளி நிலையத்தில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. ஆரல்வாய்மொழிக்கு அந்தப்பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிறார்கள் இல்லையா, அந்த ராக்கெட்டில் ஏறிப்போகிறவருக்கும் இதே கதிதான். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டாவுக்கும் அதுதான் நடக்கிறது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் அனுமதித்தவுடன் நான் நோயாளியை எழுப்பி நிறுத்துவதை உறவினர்கள் கொடுமை என்று நினைக்கிறார்கள். நிற்காத எலும்பு கரையும் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. நீச்சல் இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு நடை, படியேற்றம், பாரம் தூக்கும் பயிற்சி இவைதான் நல்லது.

அம்மா வருடக்கணக்கில் தலையில் மீன் பெட்டி சுமந்தார். இப்போது கழுத்தும் குறுக்கும் வலிக்கிறது. இது அதனாலா?

முதுகெலும்பில் கழுத்துக்கு 7 முள்ளெலும்பு (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7), மார்புக்கு 12, இடுப்புக்கு 5, அதற்குக் கீழே ஒட்டிப்போன திருவெலும்பும் வாலெலும்பும். இடையிடையே 23 வட்டுகள் (டிஸ்க்). கழுத்து எலும்புகள் சின்னவை, நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைச் சுமக்க அமைந்தவை. அதன்மேல் ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியை, சும்மாடு வைத்தாலும், பல மணி நேரம் சுமந்தால் வட்டுகள் தேயத்தான் செய்யும். நிமிர்ந்து நடந்து சுமந்ததால் முதுகுத் தசை பலப்பட்டிருக்கும் என்பதும் உண்மை. வலிக்கு வயதும் காரணமாக இருக்கலாம். கை விரலில் மரமரப்போ, பொருள் நழுவுவதோ இருந்தால் நரம்பு அழுந்துகிறது, டாக்டரிடம் காட்டுங்கள்.

வட்டுகளில் தண்ணீர் அதிகம். பகலில் பாரத்தால் அது கொஞ்சம் வெளியேறும், இரவில் படுக்கும்போது திரும்ப ஊறும். காலையில் நாம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான்.

முதுகெலும்பின் வளைவைப் புரிந்துகொள்ளக் கன்னியாகுமரிக்குப் போகும்போது 133 அடி வள்ளுவர் சிலையைக் கூர்ந்து பாருங்கள். சிற்பி கணபதி ஸ்தபதி இடுப்பை ஒரு பக்கம் ஒசித்து நிற்க வைத்திருக்கிறார். ஒரு காலில் எடையைப் போட்டால் இடுப்பு சாயும், அதைச் சமன் செய்ய முதுகு மறுபக்கம் வளையும், அப்போதுதான் தலை நேராக நிற்கும். சிலைக்கு அது அழகு. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவுவரை அப்படியே ஒரு காலில் சாய்ந்து நிற்கிற பெண்களுக்குக் குறுக்கு வலி. காலை மாற்றி மாற்றி நில்லுங்கள், ஒரு பாதத்தைச் சின்னப் பலகைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

சொடக்கு போட்டால் மூட்டு தேய்ந்துவிடுமா?

தேயாது. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகும் சத்தம் அது. டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது வருடம் ஒரு கையில் மட்டும் சொடக்கு போட்டு, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று காட்டினார். 2009-இல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. வலியோடு சத்தம் வந்தால் மட்டும் கவனியுங்கள்.

பனையில் இருந்தோ தென்னையில் இருந்தோ ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்காதீர்கள். நம்மூரில் ஓடிவரும் நல்ல மனசுக்காரர்கள் கைக்கு ஒருவராகப் பிடித்து ஆட்டோவில் மடக்கி ஏற்றுவார்கள். முள்ளெலும்பு மட்டும் முறிந்து தண்டுவடம் தப்பியிருந்த ஆளுக்கு, அந்தத் தூக்கலில் தண்டுவடமும் போய்விடலாம். பிறகு கால் வராது.

108-ஐக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். கால் விரலை அசைக்க முடிகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நான்கு பேர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க, ஒரே நேரத்தில் புரட்டிக் கதவுப் பலகையில் வையுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்ச் சரிவில் வழுக்கி விழுந்தவருக்கும் இதே முறைதான்.

எலும்பு முறிந்தால் ஆசானிடம் போகலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை 108 வர்மம், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று கணக்கு வைத்து, அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் மருத்துவமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த ஆசான்களின் ஊர் இது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆசான்களின் உழிச்சலுக்கும் தடவலுக்கும் நான் எதிரி இல்லை. பழைய சுளுக்கு, தசைப்பிடிப்பு, நாள்பட்ட இறுக்கம் இவற்றில் நல்ல கைப்பழக்கம் உள்ளவரிடம் போய்ச் சுகமானவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஆசான்கள் பலர் இப்போது படம் எடுத்துக்கொண்டு வா என்று அவர்களே சொல்கிறார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான்: எங்கே கட்டினாலும் முதலில் எக்ஸ்ரே. கைக்குத் தெரியாத முறிவு எத்தனையோ உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், மூட்டுக்குள் முறிந்திருந்தால், இடுப்பு, தொடை, முதுகு என்றால் யோசிக்கவே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

இன்னொன்று பிள்ளைகளின் முழங்கை. கொய்யா மரத்தில் இருந்து கையை ஊன்றி விழும் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். அந்த இடத்தை ஒட்டியே கைக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் உள்ளே வீக்கம் கூடும், ரத்தம் நிற்கும், ஆறு மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். அப்படிக் கட்டிவிட்டு மறுநாள் பிரித்த ஒரு பையனுக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். எலும்பு நன்றாகவே சேர்ந்திருந்தது. ஆனால் மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. மணிக்கட்டை மேலும் மடக்கினால்தான் விரல்கள் கொஞ்சம் விரியும், நிமிர்த்தினால் திரும்பச் சுருண்டுகொள்ளும். பென்சில் பிடிப்பதற்கே மாதக்கணக்கில் பாடுபட்டான். இறுக்கமான மாவுக்கட்டிலும் இது வரும், ஆஸ்பத்திரிக் கட்டு என்பதால் விதிவிலக்கு இல்லை. கட்டுப் போட்டபின் விரல்கள் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டிவிட்டால் பிள்ளை கதறினாலோ நடுராத்திரி என்றாலும் கட்டைப் பிரிக்கச் சொல்லி ஓடுங்கள்.

முறிந்த எலும்பு சேர எவ்வளவு நாள்? ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டையும் உதவுமா?

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான இணைப்புத் திசு உருவாகும். ஆறில் இருந்து பன்னிரண்டு வாரத்தில் அது எலும்பாக இறுகும். பிறகு அந்தப் புடைப்பைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர மாதங்கள், சிலருக்கு வருடங்கள். பிள்ளையின் முன்கை மூன்று முதல் ஆறு வாரத்தில் சேரும். பெரியவரின் மணிக்கட்டுக்கு ஆறு வாரம். கீழ்க்கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதம் ஆகலாம். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். இதில் சலுகை எதுவும் கிடையாது.

ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் உப்பு பெரிதாக இறங்காது. ருசிக்காகக் குடியுங்கள். முறிவு சேரப் புரதம் வேண்டும், அதற்கு மீன், முட்டை, பயறு. பிரண்டையைச் சித்த மருத்துவம் எலும்புக்காக நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. துவையலாகச் சாப்பிடுவதில் தவறில்லை, கட்டுக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி குறைவு எப்படி வருகிறது?

வெயில் ஊரில் அடிக்கிறது, நம்மேல் அடிப்பதில்லை. அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலை) காலையில் போய்ச் சாயங்காலம் வெளியே வரும் பெண்கள், கடைக்குள் இருப்பவர்கள், வீட்டுக்குள் முடங்கிய முதியவர்கள் எல்லோருக்கும் குறைவு வரலாம். காலை ஏழு மணி இளவெயிலில் நிற்பது சுகம், அதில் வைட்டமின் டி அதிகம் உருவாகாது. அதற்கு வேண்டிய கதிர் பத்து மணியில் இருந்து மூன்று மணிவரைதான் நன்றாகக் கிடைக்கும், கண்ணாடி ஜன்னல் வழியாக வராது. கருத்த தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். கையும் முகமும் படும்படி இருபது முப்பது நிமிடம், வாரத்தில் சில நாள் போதும். 60,000 யூனிட் மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உணவில் நம்மூருக்குக் குறைவே இல்லை. சாளையிலும் அயிலையிலும் வைட்டமின் டி உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம் வந்துவிடும். கேப்பையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வெறும் மாவுச்சத்துதான். கூட மீன்கறி இருப்பதால் சாப்பாடு தப்பிக்கிறது, தேங்காய்த் துருவலும் கட்டன் சாயாவும் மட்டும் என்றால் எலும்புக்கு ஒன்றும் போய்ச் சேராது.

எலும்பின் சேமிப்பு முப்பது வயதுவாக்கில் உச்சத்துக்கு வந்துவிடும். பிறகு கரைப்பு மெல்ல முந்தும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வேகமாக முந்தும்.

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. இந்த வயதில் ஆபரேஷன் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும், அதுவும் சீக்கிரம். முறிவது பெரும்பாலும் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி. அந்தப் பக்கக் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். வயதாகிவிட்டதே என்று படுக்கையில் விட்டால் படுக்கைப் புண், சளி கட்டுதல், காலில் ரத்தம் உறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆபத்து முறிவைவிட அந்தப் படுக்கையில் அதிகம். ஆபரேஷனைத் தாங்குமா என்பதை மயக்க மருந்து நிபுணர் பார்த்துச் சொல்வார், சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்ய வேண்டாம்.

விழாமல் இருக்கச் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள்: குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரிகிற ஒரு சின்ன பல்பு, நழுவும் மிதியடியை எடுத்துவிடுவது, கண் புரையைக் காலத்தில் எடுப்பது. வழவழப்பான டைல்ஸ் போட்டுப் புதுவீடு கட்டுகிறவர்களிடம் குளியலறைக்காவது சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன், கேட்பவர்கள் குறைவு.

பள்ளி ஆய்வகத்தில் தொங்கும் எலும்புக்கூடு உண்மையா?

இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். பழைய பள்ளிகளில் உண்மையானவை இருக்கலாம். ஒரு காலத்தில் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்துதான் போனது. 1985-இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. உண்மையான எலும்பில் தசை பிடித்திருந்த இடங்கள் மேடும் சொரசொரப்புமாகத் தெரியும், ரத்தக்குழாய் நுழைந்த சின்னத் துளைகள் இருக்கும். பிளாஸ்டிக்கில் அச்சு ஒட்டிய கோடு தெரியும்.

மருத்துவ மாணவர்கள் இன்றும் தானமாக வந்த உடல்களில் படிக்கிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் விசாரிக்கலாம். எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். கடைசியில் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.